நெப்டியூன் ஏன் இடது கையில் சூலம் பிடித்திருக்கிறார்?

கேள்வி: நவம்பர் 4, 2023

ஏலப் பட்டியல் ஒன்றில் 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு டேபெஸ்ட்ரி (படம் நெய்த சுவர்த்திரை) என்று ஒரு படம் வந்திருக்கிறது. கடல் குதிரைகள் இழுக்கும் தேரில் ரோமானியக் கடல் தெய்வம் நெப்டியூன், பக்கத்தில் ஒரு தேவி. சூலம் இடது கையில். இதே காட்சியை வேறொரு திரையில் பார்த்தபோது சூலம் வலது கையில் இருந்தது. கடல் வேறு அப்பட்டமான நீலம். அந்தக் கால ஓவியங்களில் இப்படி ஒரு நீலக் கடலை நான் பார்த்ததில்லை. பிற்காலத்தில் யாரோ பார்த்துச் செய்த போலி என்பது என் முடிவு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

நவம்பர் 4, 2023, இரவு

மாற்றுக் கருத்து உண்டு. இடது கையும் நீலக் கடலும் போலிக்கு அடையாளம் இல்லை. இரண்டையுமே நல்ல பழைய திரைகளில் பார்த்திருக்கிறேன். நாளை தறியிலிருந்து தொடங்கி எழுதுகிறேன்.

நவம்பர் 5, 2023

முதலில் இதை ஓவியமாகப் பார்ப்பதை நிறுத்துங்கள், துணியாகப் பாருங்கள். என் அப்பா ஆரணியில் பட்டு நெய்தவர். நான் பாரிஸ் வந்த புதிதில், பிரெஞ்சு சரியாகப் புரியாத காலத்தில், கோபெலான் நெசவுச்சாலையைப் பார்க்கப் போனேன். வழிகாட்டி சொன்னதில் பாதி புரியவில்லை. ஆனால் பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கு இழை) தெரிந்தவளுக்கு அந்த அறையில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

படத்தைத் துணியாக்க அங்கே இரண்டு வகைத் தறி. ஒன்று செங்குத்துத் தறி. பாவு மேலிருந்து கீழே நிற்கும். நெசவாளர் துணியின் பின்பக்கம் உட்கார்ந்து நெய்வார். மாதிரி ஓவியம் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முன்பக்கம் எப்படி வருகிறது என்று பார்க்க எதிரே ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். உருவத்தின் கோடுகளைப் பாவு இழைகளில் மையால் முன்கூட்டியே குறித்துக்கொள்வதால் படம் மாதிரியில் உள்ளபடியே வரும்.

இன்னொன்று கிடைத்தறி. நம் ஊர்த் தறி போலவே பாவு படுத்திருக்கும். மாதிரி ஓவியத்தைக் கீற்றுகளாக வெட்டிப் பாவுக்கு அடியில் வைத்து, இழைகளின் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டே நெய்வார்கள். கண்ணுக்கு எதிரே இருப்பது துணியின் பின்பக்கம். முடித்து அறுத்துத் திருப்பினால் வலது இடதாகியிருக்கும்.

கோபெலான் 1662ல் அமைச்சர் கொல்பேர் மன்னர் பதினான்காம் லூயிக்காகத் திரட்டிய இடம். அங்கே இரண்டு வகைத் தறியும் இருந்தன. 1664ல் தொடங்கிய போவே என்ற இன்னொரு நெசவுச்சாலையில் கிடைத்தறி. கோபெலானின் தலைமை ஓவியர் ஷார்ல் லெ ப்ரன் 1660களில் 'நான்கு பூதங்கள்' என்று ஒரு வரிசை வரைந்தார் (அவர்கள் கணக்கில் நான்குதான், ஆகாயம் இல்லை). தீக்கு ஜூப்பிட்டரும் வல்கனும், காற்றுக்கு ஜூனோ, நிலத்துக்கு சிபெலி, நீருக்கு நெப்டியூன். நீங்கள் சொல்லும் தேரும் குதிரையும் தேவியும் அந்த 'நீர்' போலத்தான் தெரிகிறது. அந்த வரிசையைப் பல தடவை நெய்தார்கள். கிடைத்தறியில் நெய்த பிரதியானால் சூலம் கை மாறியிருக்கும்.

நவம்பர் 6, 2023

ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: ஓரத்தில் எழுத்து இருக்கிறது, அது நேராகத்தான் படிக்க வருகிறது, அப்படியிருக்க படம் மட்டும் எப்படித் திரும்பும்?

எழுத்தை நெசவாளர் வேண்டுமென்றே திருப்பி நெய்திருப்பார். துணியைத் திருப்பியதும் நேராகத் தெரிய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பிரஸ்ஸல்ஸ் நகரம் 1528ல் பெரிய திரைகளுக்கு ஊர் முத்திரை கட்டாயம் என்று விதித்தது. சிவப்புக் கேடயம், இரு பக்கமும் ஒவ்வொரு 'பி'. அந்த இரண்டு எழுத்தையும் கிடைத்தறிக்காரர்கள் தலைகீழாக மனதில் வைத்துக்கொண்டே நெய்தார்கள். எழுத்து நேராக இருப்பதால் படமும் நேர் என்று ஆகாது.

எங்கே கை முக்கியமோ அங்கே ஓவியரே முன்யோசனையாக இருந்திருக்கிறார். ரஃபேல் போப் பத்தாம் லியோவுக்காக வரைந்த அப்போஸ்தலர் வரிசையின் மாதிரிகளில் ஏழு இன்று லண்டனில் இருக்கின்றன. பிரஸ்ஸல்ஸில் கிடைத்தறியில் நெய்யப் போகிறார்கள் என்று தெரிந்து எல்லாவற்றையும் இடவலம் மாற்றியே வரைந்தார். ஆசீர்வதிக்கும் கை துணியில் வலக்கையாக வர வேண்டுமே. நெப்டியூனின் சூலத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நவம்பர் 9, 2023

கடலைப் பற்றி எழுத உட்கார்ந்தேன், தறி மறுபடியும் இழுக்கிறது.

இந்தத் திரைகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் நெய்யப்பட்டவை. தறியில் இருந்தபோது நெப்டியூன் படுத்துக்கிடந்தார். முடித்த பிறகு கால் பங்கு திருப்பிச் சுவரில் மாட்டுகிறார்கள். அதனால் தொங்கும்போது பாவு கிடையாக ஓடும், ஊடை செங்குத்தாக நின்று மொத்தக் கனத்தையும் தாங்கும்.

இப்போது இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரத்தில் உடலும் கரையும் வேறு நிறமாக இருந்தால் கோர்வை போடுவோம், ஊடையும் ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இங்கே பெரும்பாலும் அப்படிப் பிடிக்க வைப்பதில்லை. ஒரு நிறத்தின் ஊடை தன் எல்லைப் பாவைச் சுற்றித் திரும்பிவிடும், அடுத்த நிறம் அடுத்த பாவில் தொடங்கும். எல்லைக்கோடு பாவின் திசையிலேயே ஓடினால் நடுவில் ஒரு வாய் திறந்தே இருக்கும். அதைப் பிறகு ஊசியால் தைத்து மூடுவார்கள்.

தொங்கும் திரையில் பாவு கிடை என்றால், வாய் விழுவதும் கிடைக்கோடுகளில். கடல் என்பது என்ன? அடிவானம் ஒரு கிடைக்கோடு, அலைமேல் அலை அத்தனையும் கிடைக்கோடு. தைத்த நூல் இற்றுப்போனதும் துணியின் கனம் அந்த வாய்களைக் கீழ்நோக்கி இழுக்கிறது. சூலம் செங்குத்தாக நிற்பதால் அதன் ஓரத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அதனால்தான் பழைய திரைகளில் முதலில் கிழிவது கடல்.

நவம்பர் 10, 2023

நேற்றைய கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். மாளிகைப் படிக்கட்டு, மேகத்தின் அடிவயிறு, தேரின் தட்டு எல்லாமே கிடைக்கோடுதான், அங்கேயும் அதே கிழிசல். கடல் முதலில் கிழிகிறது என்று நான் எழுதியது ஆசையில் எழுதியது. கடலில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நவம்பர் 12, 2023

நிறம். இந்த உரையாடலில் நான் மனதார வாதாட விரும்புவது இதற்குத்தான்.

அந்தக் கடல் நீலமாக நெய்யப்பட்டது என்று நான் நம்பவில்லை. பெரும்பாலும் பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ இருந்திருக்கும். சாயக்காரரிடம் நிலையான தனிப் பச்சை கிடையாது. கம்பளி நூலை முதலில் நீலத்தில் முக்குவார், பிறகு மஞ்சளில், அல்லது முன்பின்னாக. நீலம் பாஸ்டெல் செடியிலிருந்தோ அவுரியிலிருந்தோ வரும். மஞ்சள் பெரும்பாலும் பிரெஞ்சில் 'கோட்' என்று சொல்லும் செடியிலிருந்து. அவுரி நீலம் வெளிச்சத்தைத் தாங்கும், மஞ்சள் அந்த அளவுக்குத் தாங்காது. நூறு இருநூறு வருடம் ஜன்னல் வெளிச்சம் பட்டால் மஞ்சள் போய்விடும், நீலம் தங்கிவிடும். பழைய திரைகளில் புல்லும் மர இலையும் நீலமாக இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புல்லைப் பார்த்ததும் ஏதோ ஆகியிருக்கிறது என்று தெரிகிறது. கடலை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை, ஏனென்றால் கடல் நீலம் என்று நாம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம்.

உங்கள் ஏலப் படத்தில் கடற்கரையில் செடிகொடி இருந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். இலையும் நீலம், கடலும் நீலம் என்றால் இரண்டுக்கும் ஒரே கதை.

நுரைக்கு வெள்ளைப் பட்டு போடுவார்கள், மினுங்கும். பட்டுதான் கம்பளிக்கு முன்னால் நொறுங்குகிறது. ஆக கடல் தங்கியிருக்கும், நுரை உதிர்ந்திருக்கும். பணம் உள்ள இடத்தில் வெள்ளிச் சரிகையும் சேர்ந்திருக்கும், அது இப்போது கறுத்துப் போய் நிழல் மாதிரி தெரியும். குதிரையின் அரும்பு வரைந்த அடர்பழுப்பு நூல் இரும்புச் சாயம் ஏறியது, அது கம்பளியையே அரித்துவிடும். இந்தக் கடல் குதிரைகள் பலவற்றில் விளிம்புக்கோடு பிற்காலத்தில் திரும்ப நெய்ததாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நவம்பர் 12, 2023, சற்று நேரம் கழித்து

மேலே 'குதிரையின் அரும்பு' என்று விழுந்திருக்கிறது. விளிம்பு என்று படிக்கவும்.

நவம்பர் 13, 2023

அவுரி பற்றிக் கேட்டவருக்கு: ஆம், அது நம் பக்கத்து அவுரியும்தான். ஐரோப்பிய வணிகக் கம்பெனிகள் இந்தியாவிலிருந்து கொண்டுபோன சரக்கில் அவுரியும் உண்டு, சோழமண்டலக் கரையிலிருந்து போனதும் அதில் சேரும். பிரான்சில் பாஸ்டெல் பயிரிட்டவர்களின் பிழைப்பைக் காப்பாற்ற நான்காம் ஹென்றி 1609ல் அவுரிக்கு மரண தண்டனை வரை போகும் தடை போட்டார். பிறகு கொல்பேர் காலத்தில் பாஸ்டெலோடு கலந்து பயன்படுத்த அனுமதி வந்தது. ஒரு குறிப்பிட்ட திரையின் நீலம் எந்தச் செடி என்று கண்ணால் சொல்ல முடியாது. இரண்டிலும் இருப்பது ஒரே நீலப் பொருள்.

நவம்பர் 19, 2023

தேரில் கூட இருக்கும் தேவி யார் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். லெ ப்ரனின் 'நீர்' என்றால் அவள் தீட்டிஸ், கிரேக்க வீரன் அகிலீஸின் தாய்.

நவம்பர் 20, 2023

அவசரப்பட்டுவிட்டேன். இதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

நெப்டியூனின் மனைவி ஆம்பித்ரிட்டே. நெரியஸ் என்ற கடல் கிழவருக்கு 50 மகள்கள் என்று கிரேக்கக் கவிஞர் ஹீசியட் பாடுகிறார், அவர்களில் ஒருத்தி. பொசைடன் (நெப்டியூனின் கிரேக்கப் பெயர்) பெண் கேட்டபோது அட்லஸ் இருக்கும் இடத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டாள். ஒரு டால்ஃபின்தான் தேடிக் கண்டுபிடித்துப் பேசிச் சம்மதிக்க வைத்தது. அதற்கு நன்றியாக அந்த டால்ஃபினை வானத்தில் நட்சத்திரக் கூட்டமாக வைத்தார். திரைகளில் தேருக்கு முன்னால் ஒரு டால்ஃபின் நீந்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூது நினைவுக்கு வரும்.

தீட்டிஸும் அதே 50 பேரில் ஒருத்தி, மானிடன் பீலியஸை மணந்தவள். மூன்றாவதாக டீதிஸ் என்று ஒருத்தி உண்டு. அவள் முந்தைய தலைமுறை, ஓசியானஸின் மனைவி, நதிகளுக்கெல்லாம் தாய். கிரேக்கத்தில் இந்த இரண்டு பெயரும் வேறு வேறு. பிரெஞ்சில் எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்றே. காதால் கேட்டு எழுதுபவர் எவரும் தடுமாறுவார்கள். பதினான்காம் லூயி சூரியன் என்றால் மாலையில் அந்தச் சூரியன் போய் இளைப்பாறும் கடல் டீதிஸின் வீடு. வெர்சாய் தோட்டத்தில் அவள் பெயரில் ஒரு குகை கட்டி, உள்ளே நிம்ஃப் என்ற தேவதைப் பெண்கள் சூரிய தெய்வம் அப்பல்லோவுக்குப் பணிவிடை செய்யும் சிலைகளை வைத்தார்கள். 1684ல் அரண்மனையை நீட்டுவதற்காக அதை இடித்துவிட்டார்கள், சிலைகள் மட்டும் தோட்டத்தில் தப்பின. அந்தக் காலத்து மனிதர்களுக்குக் 'கடல்' என்றாலே இந்தப் பெயர்தான் நாக்கில் வந்திருக்கும்.

அதனால் இந்தத் திரையின் விவரக்குறிப்பில் ஒரு இடத்தில் ஆம்பித்ரிட்டே என்றும் இன்னொரு இடத்தில் தீட்டிஸ் என்றும் பார்த்தால் குழம்ப வேண்டாம். கதையின்படி அந்தத் தேரில் உட்கார உரிமை உள்ளவள் ஆம்பித்ரிட்டே. நான் அவளை அப்படியே அழைக்கப் போகிறேன்.

டிசம்பர் 2, 2023

கடல் தெய்வத்தை முதலில் துணியில் நெய்தது யார் என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் கதையிலேயே இருக்கிறது. அரக்னி.

ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வது இது. லிடியா நாட்டில் சாயக்காரர் மகள் அரக்னி, நெசவுக்குரிய தேவி மினர்வாவோடு நெசவுப் போட்டிக்கு நின்றாள். மினர்வா நெய்ததைக் கவனியுங்கள்: ஏதென்ஸ் நகரம் யாருக்கு என்று அவளுக்கும் நெப்டியூனுக்கும் நடந்த வழக்கு. பன்னிரண்டு தெய்வங்கள் உட்கார்ந்திருக்க, நெப்டியூன் நின்றுகொண்டு நீண்ட சூலத்தால் பாறையைக் குத்துகிறார், பிளவிலிருந்து கடல்நீர் பாய்கிறது. பக்கத்தில் அவள் ஈட்டி பட்ட இடத்தில் ஆலிவ் மரம் முளைக்கிறது. தான் ஜெயித்த வழக்கை அவளே நெய்துகொள்கிறாள்.

அரக்னி நெய்தது தெய்வங்கள் பெண்களை ஏமாற்றிய கதைகள். அதில் நெப்டியூன் காளையாக, ஒரு நதியின் உருவில், ஆட்டுக்கடாவாக, குதிரையாக, பறவையாக, டால்ஃபினாக. ஆறு தடவை. ஒரே கதையில் இரண்டு துணி, ஒன்றில் கம்பீரமாகப் பாறையைப் பிளக்கும் தெய்வம், இன்னொன்றில் குற்றவாளி.

அரக்னியின் நெசவில் மினர்வாவால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபத்தில் துணியைக் கிழித்தாள், நாடாவால் (ஊடையைக் கொண்டுபோகும் தறிக்கட்டை) அவள் நெற்றியில் அடித்தாள். அவமானம் தாங்காமல் தூக்கு மாட்டிக்கொண்டவளைச் சிலந்தியாக்கினாள். சின்ன வயதில் இந்தக் கதையை யாரோ 'ஆணவத்துக்குத் தண்டனை' என்று எனக்குச் சொன்னார்கள். நாடா கையில் எவ்வளவு கனம் என்று தெரிந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அடி வாங்கியவள் பக்கம்தான் எப்போதும் நிற்பேன்.

டிசம்பர் 3, 2023

நேற்றையதோடு சேர்த்து ஒன்று. ரோமானியக் கவிஞர் கட்டுல்லஸின் பாடல் ஒன்றில் தீட்டிஸின் கல்யாணம் வருகிறது (அகிலீஸின் தாய், குழப்பமே இல்லை). மணக்கட்டிலின் மேல் விரித்த சித்திரத் துணியை வரிவரியாக வர்ணிக்கிறார். கடல் தேவதையின் கட்டிலில் டால்ஃபினும் சங்கும் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருப்பது நாக்ஸஸ் தீவுக் கரையில் தனியாக விடப்பட்ட அரியாட்னி, தன்னை விட்டுப் போகும் தீசியஸின் கப்பலைப் பார்த்தபடி. கல்யாண வீட்டில் அந்தத் துணியை விரிக்க எப்படி மனம் வந்தது?

டிசம்பர் 10, 2023

லெ ப்ரன் மட்டும்தானா என்று கேட்டவருக்கு: இல்லை. கோபெலானில் கிட்டத்தட்ட 1700ல் தொடங்கி அந்த நூற்றாண்டில் நெடுங்காலம் திரும்பத் திரும்ப நெய்தது ஓவியர் மூன்றாம் க்ளோத் ஓட்ரானின் 'தெய்வங்களின் வாயில்திரைகள்'. கதவுக்கு முன்னால் தொங்கவிடுவது, அதனால் உயரமாகக் குறுகலாக இருக்கும். நான்கு பருவம், நான்கு பூதம், மொத்தம் எட்டு. நீருக்கு நெப்டியூன். கொடிப்பந்தலும் ஊஞ்சல்மாலையும் நடுவில் மேகத்தின் மேல் உட்கார்ந்த தெய்வமுமாக, லெ ப்ரனின் கனம் அதில் கிடையாது. அதே ஓட்ரான் பன்னிரண்டு மாதங்களையும் பன்னிரண்டு தெய்வங்களுக்குப் பிரித்து ஒரு வரிசை வரைந்தார். பழைய ரோமானியப் பட்டியல்படி பிப்ரவரி நெப்டியூனுக்கு.

ஆனால் நெப்டியூனின் சொந்தத் திருவிழா ஜூலை 23. ரோமில் கொளுத்தும் வெயில் காலம், இலை தழையால் குடிசை போட்டு அதன் நிழலில் கொண்டாடினார்கள். ஏனென்றால் ஆதியில் அவர் ஊற்றுக்கும் ஓடைக்கும் உரிய நன்னீர்த் தெய்வம். பொசைடனோடு ஒன்றாக்கிய பிறகுதான் கடலுக்கு வந்தார். இதைப் படித்த பிறகு திரைகளில் கரையோரமாக ஒரு குடம் கவிழ்ந்து நீர் கொட்டுவதை நின்று பார்க்கப் பழகிவிட்டேன்.

டிசம்பர் 11, 2023

குடம் என்றதும் அமிமோனி.

போவேயில் 1749 முதல் நெய்த, ஓவியர் புஷேயின் 'தெய்வங்களின் காதல்கள்' வரிசையில் ஒன்று நெப்டியூனும் அமிமோனியும். ஆர்கோஸ் நாட்டின் ஊற்றுகளைப் பொசைடன் வற்றடித்திருந்தார். டானவுஸ் ராஜா மகள் அமிமோனியைத் தண்ணீர் தேடி அனுப்பினார். வழியில் சாட்டிர் என்ற காட்டுப் பிறவி ஒன்று அவள் மேல் பாய, பொசைடன் வந்து விரட்டினார், பிறகு அவளைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டார், லெர்னா ஊற்றுகளைக் காட்டிக்கொடுத்தார். தண்ணீரைப் பறித்தவரே தண்ணீரைக் காட்டுகிறார். அரக்னியின் துணியில் இதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை புஷே கால திரைகள் லெ ப்ரன் காலத்தவற்றை விட மோசமாக வெளுத்திருக்கின்றன. ஓவியத்தின் ஒவ்வொரு நிழல்மாற்றமும் நூலில் வர வேண்டும் என்று ஔத்ரி என்ற ஓவியர், போவேயின் இயக்குநர், கோபெலானிலும் மேற்பார்வை பார்த்தவர், வற்புறுத்தினார். நெசவாளர்கள் எதிர்த்தார்கள். மெல்லிய இடைநிறங்கள் பல வெளிச்சத்தில் நிற்காத சாயங்கள். கன்னத்து ரோஜா முதலில் போனது. அமிமோனியின் தோல் இன்று சுண்ணாம்பு நிறம்.

இதில் நான் முழுக்க நெசவாளர்கள் பக்கம். குறைந்த நிறங்களில், தடித்த கோடுகளில், எந்த இடத்தில் எந்த நூலை அடுத்தடுத்து வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரி 6, 2024

போலி என்ற சொல்லில்தான் இந்த உரையாடல் தொடங்கியது. என் அனுபவம் ஒன்று.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஊர்ச் சந்தையில், ஒரு பழம்பொருள் வியாபாரியிடம், நெப்டியூன் திரை ஒன்று வாங்கினேன். 18ஆம் நூற்றாண்டு என்றார். இரண்டு மாதச் சேமிப்பு. அந்த ஆசையில் துணியைப் புரட்டிப் பார்க்கவில்லை, பின்பக்கம் முழுக்கச் சீலை தைத்து மூடியிருந்தது. வீட்டில் ஒரு மூலையைப் பிரித்தேன். பின்னால் நீள நீளமாகக் கோடுகோடாக நிறங்கள், படத்தோடு சம்பந்தமே இல்லாமல். இயந்திரத் தறி. ஜக்கார் வகைத் தறியில் ஒவ்வொரு நிறமும் துணியின் அகலம் முழுக்க ஓடும், வேண்டிய இடத்தில் மட்டும் முன்னால் வந்து மற்ற இடத்தில் பின்னால் கிடக்கும். கையால் நெய்ததில் ஒவ்வொரு நிறமும் தன் இடத்துக்குள்ளேயே போய்த் திரும்பும், அதனால் நூல் முனைகள் தொங்கினாலும் பின்பக்கமும் அதே படம், இடவலம் மாறி. திரும்பப் போனபோது அவர் பணத்தைத் தரவில்லை.

அன்று முதல் என் முதல் கேள்வி ஒன்றுதான்: பின்பக்கத்தைப் பார்க்க விடுவார்களா? நீங்களும் ஏலக்காரர்களிடம் அதைக் கேளுங்கள். சீலையின் ஒரு மூலையைப் பிரித்து ஒரு படம் போதும்.

ஜனவரி 14, 2024

தலைப்பை விட்டு விலகுகிறேன், ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஃப்ளாரன்ஸ் உஃபிட்சியில் 'வலுவா திரைகள்' எட்டு இருக்கின்றன, 16ஆம் நூற்றாண்டு. பிரெஞ்சு அரசவையின் விழாக்களைக் காட்டுபவை. அதில் ஒன்று 'திமிங்கிலம்'. 1565ல் பயோன் ஊரில் பிரெஞ்சு ராஜமாதா காத்தரீன் தெ மெதீசி, ஸ்பெயின் ராணியாகப் போன தன் மகளைச் சந்தித்தார். அதற்கு அடூர் ஆற்றில் ஒரு நீர்விழா. செய்து வைத்த பெரிய திமிங்கிலத்தைப் படகுகளில் இருந்தவர்கள் ஈட்டியால் தாக்கினார்கள். ஆமையின் மேல் ட்ரைட்டன்கள் (மீன்வால் கொண்ட கடல் மனிதர்கள்) சங்கு ஊதிக்கொண்டு வந்தார்கள், கடல் குதிரைத் தேரில் நெப்டியூன், டால்ஃபின் மேல் ஆரியன் என்ற கிரேக்கப் பாடகன், பாடும் சைரன்கள்.

அங்கே இருப்பவர்கள் தெய்வங்கள் இல்லை, வேஷம் கட்டிய மனிதர்கள். நெய்தவர்கள் அதை மறைக்கவும் இல்லை. ஆற்றில் மனிதர்கள் ஆடிய புராணத்தைத் துணியில் பார்க்கிறோம். மற்ற திரைகளில் தெய்வம் மன்னருக்கு உவமை. இங்கே தெய்வத்துக்கு வேர்த்திருக்கும், தண்ணீர் குளிர்ந்திருக்கும். எனக்கு எல்லாக் கடல் திரைகளிலும் மிகவும் பிடித்தது இதுதான். கூட்டம் இல்லாத நாளில் போய் அந்த ஆமையை மட்டும் பாருங்கள்.

ஜனவரி 28, 2024

'பழைய என்றால் 17ஆம் நூற்றாண்டுதானா, கிரேக்க ரோமானியர்களே நெய்தது எதுவும் இல்லையா?' நியாயமான கேள்வி.

இருக்கிறது, எகிப்தின் மணல் காத்துக் கொடுத்தது. நைல் நதியில் மூழ்கிய ஆன்டினவுஸ் என்ற தன் அன்புக்குரிய இளைஞன் நினைவாக ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் 130ல் உருவாக்கிய ஆன்டினோபோலிஸ் நகரத்தில் கிடைத்த மீன்கள் திரை ஒன்றின் துண்டுகள் லியோனிலும் லூவ்ரிலும் உள்ளன. 2 அல்லது 3ஆம் நூற்றாண்டு. தெய்வம் எதுவும் இல்லை, மீன்கள் மட்டும். ஆனால் ஒவ்வொரு மீனுக்கும் கீழே நிழல் விழுகிறது. நீருக்குள் வெளிச்சம் மேலிருந்து வருவதைக் கம்பளி நூலால் காட்டியிருக்கிறார்கள். புஷே காலத்துக்கு ஆயிரத்தைந்நூறு வருடம் முன்னால்.

பிறகு எகிப்து முழுக்கக் கிறிஸ்தவமான காலத்திலும் கடல் மிருகங்களின் மேல் சவாரி செய்யும் நெரெயிட் பெண்கள் (நெரியஸின் மகள்கள்) துணிகளில் தொடர்ந்து வருகிறார்கள். வட்டக் கண், கறுப்புக் கோடு, தலையைச் சுற்றி ஒளிவட்டம் கூட உண்டு. வழிபாடு நின்ற பிறகும் தறியில் அந்த உருவத்தை நெய்யும் பழக்கம் நிற்கவில்லை.

மேலே டிசம்பர் 11ல் 'குறைந்த நிறங்களில்' என்று எழுதியதை இந்த மீன்களைப் பார்த்த பிறகு கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. நுணுக்கமான நிழல்மாற்றம் நெசவுக்கு அந்நியம் இல்லை. ஔத்ரி கேட்டது தவறு இல்லை, நிற்காத சாயத்தில் கேட்டதுதான் தவறு.

பிப்ரவரி 18, 2024

நேற்று பழுதுபார்க்கும் கூடம் ஒன்றில் பார்வையாளர் நாள். எந்த இடம் என்று வேண்டாம், அங்கே வேலை செய்பவர்களுக்கு நான் தொல்லை தர விரும்பவில்லை. ஒரு பிளெமிஷ் திரையைக் குப்புறப் போட்டு, பழைய சீலையை எடுத்துவிட்டு வைத்திருந்தார்கள். கரையில் நிற்கும் கப்பல், ஒரு ட்ரைட்டன், பாதி டால்ஃபின்.

பின்பக்கக் கடல் பச்சை.

மாமரத்துக் கொழுந்து இல்லை, முதிர்ந்த இலையின் பச்சை, அதற்குள் மஞ்சள் கீற்றுகள், அலையின் பள்ளத்தில் மட்டும் நீலம். முன்பக்கத்தின் படத்தை ஒருவர் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். அதில் எல்லாமே ஒரே நீலம், பள்ளமும் மேடும் ஒன்றாகிவிட்டன. மஞ்சள் போனதோடு அலையின் உருவமும் போயிருந்தது. இத்தனை நாள் 'நிறம் மாறியது' என்று நானே எழுதிவந்தேன். மாறியது நிறம் மட்டும் இல்லை, கடலின் அசைவே நின்றுபோயிருக்கிறது.

கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அப்பா இருந்திருந்தால் குனிந்து நூலை எண்ணியிருப்பார்.

ஏன் மறுபடி சாயம் ஏற்றக்கூடாது என்று கூட வந்த ஒரு பையன் கேட்டான். ஏற்ற மாட்டார்கள். தூசியை எடுத்து, வாய்களைத் தைத்து, புதுச் சீலை கொடுத்து, 50 லக்ஸ் மங்கல் வெளிச்சத்தில் தொங்கவிடுவார்கள். இருட்டாக இருக்கிறது என்று அருங்காட்சியகங்களில் நாம் முணுமுணுப்பது இதற்காகத்தான்.

பிப்ரவரி 19, 2024

ஷெவ்ரலைப் பற்றி நேற்றே எழுத நினைத்தேன். 1824ல் கோபெலானின் சாயப் பிரிவுக்கு வந்த வேதியியலாளர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், குறை இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்ததால்தான் அந்தக் கறுப்பு வலுவிழந்து தெரிந்தது. அதிலிருந்து பக்கத்து நிறம் ஒன்றையொன்று எப்படி மாற்றுகிறது என்று 1839ல் ஒரு பெரிய நூலே எழுதினார். பச்சைக் கடலுக்காகப் பக்கத்தில் வைத்த சிவப்பு அங்கியும் செம்பட்டை முடியும் இன்று நீலக் கடலின் பக்கத்தில் வேறு மாதிரி தெரிகின்றன. கடல் ஒன்று மாறினால் மொத்தத் திரையும் மாறும்.

மார்ச் 9, 2024

இடது கைக்குத் திரும்புகிறேன். நவம்பரில் கொஞ்சம் அதிக நிச்சயத்தோடு எழுதிவிட்டேன். ஒரு கை மட்டும் சாட்சி ஆகாது. ஓவியர் இடது கையில் சூலம் கொடுத்து, வலக்கையை நீட்டி அலைகளை அடக்குவதாகவும் வரையலாம். தேரில் கடிவாளம் எந்தக் கையில், பக்கத்தில் நிற்பவர்களின் வாள் எந்த இடுப்பில், சங்கு ஊதும் ட்ரைட்டன் எந்தக் கையால் பிடிக்கிறான், எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் பேசினால்தான் படம் திரும்பியது என்று சொல்லலாம்.

மார்ச் 23, 2024

கேள்வி கேட்டவர் ஏலக்காரர்களிடம் பின்பக்கம் கேட்டு வாங்கிவிட்டார். படத்தை எனக்கும் அனுப்பினார், நன்றி. சீலையின் கீழ் மூலையை ஒரு கையகலம் பிரித்து எடுத்திருக்கிறார்கள். நிறங்கள் தங்கள் இடத்துக்குள்ளேயே திரும்புகின்றன, நூல் முனைகள் தொங்குகின்றன. கைத்தறி. எந்த வருடம் என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன், அது சாயத்தைச் சோதிப்பவர்கள் வேலை. விலை எங்கள் இருவருக்கும் எட்டாதது.

தேர்ச்சக்கரத்துக்குக் கீழே, அலை மடியும் இடத்தில், பச்சை இருக்கிறது.